முற்றத்துக் குழாய், மூன்று கிண்ணம்

பால்டிமோர்
4 பிப்ரவரி 1951, ஞாயிறு

என் அருமை நிலவறை ராணிக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் "எனக்கென்ன, நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?" என்றுதான் எழுதுவாய். மை வீண்.

புகார் வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பு வருகைப் பதிவேட்டில் லெம்யுவல் ஸ்ப்ராட்லி என்று ஒரு பையனைச் சேர்த்துவிட்டேன். அப்படி ஒருவன் கிடையாது. பேர் வாசிக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து கட்டைக் குரலில் "ஆஜர் சார்" என்பேன். பதினோரு நாள் தவறாமல் வந்தான். பூகோளத் தேர்வையும் அவனுக்காக நானே எழுதினேன். அவனுக்கு என்னைவிட மூன்று மதிப்பெண் கூட! பொறுக்கமுடியாமல் சண்டைக்குப் போனேன், மாட்டிக்கொண்டேன்.

பெரியம்மா தன் முடியலங்காரக் கடையில் நாலு பேர் முன்னால் கத்தினாள். "உங்கம்மா அங்க ஆய்வுக்கூடத்து நிலவறையில கெடந்து உன்னைப் படிக்க வெக்கிறா. நீ இல்லாத பயலுக்குப் பரீட்சை எழுதுறியா? உருப்படுவியாடி?"

"ரெண்டு பேருக்கும் சேத்துப் படிக்கிறேன் பெரியம்மா, சந்தோஷப்படு."

அவள் கையில் சூடான சீப்பு இருந்தது. மிச்சப் பேச்சைத் தெருவிலிருந்து பேசினேன்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் வேதியியல் டீச்சர் மிஸ் ஹேசல்டைன், கறுப்பர் கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு கட்டுப் பத்திரிகை வாங்கிவந்தார். அதில் உங்கள் ஆய்வுக்கூடத்தின் கட்டுரை! மூன்று நாளில் கெட்டுப்போகும் பூஞ்சைச் சாற்றைக் கெடாதபடி படிகமாக உறையவைப்பது எப்படி என்று. நுரையீரல் காய்ச்சல் மருந்து. நீ இரண்டு வருடமாக மாய்ந்து மாய்ந்து செய்தாயே, அதேதான். எழுதியவர் டாக்டர் ஹேட்லி கிரூ. கீழே நன்றி சொல்கிறார்: இயக்குநருக்கு நன்றி, தட்டச்சு செய்த மிஸ் கார்லிங்குக்கு நன்றி, சாதனம் செய்துகொடுத்த கண்ணாடிக் கடைக்குக்கூட நன்றி. உன் பேரைத் தேடினேன். பூதக்கண்ணாடி வைத்தும் தேடினேன். அம்மா, உண்மையிலேயே நீதான் பேர் போன விஞ்ஞானி. பேர் போயே போய்விட்டது.

சிரித்தாயா? நான் எழுதும்போது சிரிக்கவில்லை.

நீ பார்த்திருக்கமாட்டாய் என்று முழுவதையும் கையால் நகலெடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நாலு பக்கம். விரல் வீங்கிவிட்டது. ஏன் உன் பேர் இல்லை என்று மட்டும் எழுது.

உன் வாலில்லாத பெண்,
ஐசோரா


வர்ஜீனியா
11 பிப்ரவரி 1951

என் கண்ணு ஐசோராவுக்கு,

உன் கடிதத்தை ஆர்டீலியாவுக்குப் படித்துக் காட்டினேன். என்னோடு நிலவறையில் வேலை செய்பவள் என்று எழுதியிருந்தேனே, அவள்தான். லெம்யுவல் கதை கேட்டுச் சிரித்து ஒரு குடுவையை உடைத்துவிட்டாள். இனி இல்லாத பையன்கள் வேண்டாம். இந்த ஊரில் நம் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி இல்லை என்பதால்தானே உன்னை அவ்வளவு தூரத்தில் விட்டிருக்கிறேன். பெரியம்மாவிடம் போய் மன்னிப்புக் கேள்.

பேர் ஏன் இல்லை என்று கேட்டாய். பதிவேட்டில் நான் ஆய்வாளர் இல்லை கண்ணு, கண்ணாடிப் பாத்திரம் கழுவுபவள். வேதியியலில் முதுகலை முடித்தவளை அந்த வரிசையில்தான் சேர்க்க முடியும் என்றார்கள், சேர்ந்தேன். டாக்டர் கிரூ மிஸ் கார்லிங்கிடம் "உக்காருங்க மிஸ் கார்லிங்" என்பார். என்னிடம் "வெர்டெல், அங்கயே நில்லு, தரையெல்லாம் இப்பத்தான் தொடச்சிருக்கு" என்பார். ஐந்து வருடமாயிற்று. என் நோட்டுப் புத்தகம் வெள்ளிக்கிழமை மாடிக்குப் போகும், திங்கட்கிழமை திரும்பி வரும். அவர் கீழே வந்ததே இல்லை.

அது இருக்கட்டும். நீ நகலெடுத்ததில் மூன்றாம் பக்கம், "காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை கழுவவும்" என்று இருக்கிறது. அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாயா? நான் ஒருநாளும் வடித்த நீர் தொட்டதில்லை. அது மாடியில் இருக்கிறது. எங்களுக்கு அனுமதி இல்லை. முற்றத்தில் 'கறுப்பர்களுக்கு' என்று பலகை மாட்டிய கிணற்றுக் குழாய் ஒன்றுதான் எங்களுக்கு. குடிப்பதும் அதில்தான், மருந்து கழுவுவதும் அதில்தான். திரும்பவும் பார்த்து எழுது.

அன்புடன்,
அம்மா


பால்டிமோர்
15 பிப்ரவரி 1951

அம்மா,

பார்த்தேன். மிஸ் ஹேசல்டைனையும் பார்க்கவைத்தேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை. "காய்ச்சி வடித்த நீர்" என்றுதான் அச்சில் இருக்கிறது. உன் டாக்டர் கிரூ காய்ச்சி வடித்த பொய் எழுதியிருக்கிறார்.

எந்தத் தண்ணீராக இருந்தால் என்ன? தண்ணீர் தண்ணீர்தானே? (டீச்சரிடம் இதைக் கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் நானே உறைந்து படிகமாகிவிட்டேன்.) உடனே எழுது. பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. இரண்டு துண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேக் கொடுத்தாள். இன்னொரு தப்புச் செய்யலாம் போல இருக்கிறது.

ஐசோரா


வர்ஜீனியா
11 மார்ச் 1951

கண்ணு,

எழுதத் தாமதமாகிவிட்டது. சோதித்துப் பார்க்காமல் எழுதக்கூடாது என்று இருந்தேன்.

மாடியைக் கூட்டும் பெண் ஒருத்தி ஒரு புட்டி வடித்த நீர் கொண்டுவந்து தந்தாள். கட்டுரையில் உள்ளபடியே செய்தேன். பாகாகவே நின்றது, நான்காம் நாள் நாறிவிட்டது. இன்னொரு முறை செய்தேன், அதுவும் அப்படியே. முற்றத்துத் தண்ணீரில் செய்தேன். மறுநாள் காலையில் குடுவை அடியில் வெள்ளை வெளேரென்று ஊசி ஊசியாகப் படிகம். அந்தக் கிணற்றில் சுண்ணாம்பு அதிகம். கெட்டில் அடியில் ஓடு ஓடாகப் படிவதைப் பார்த்து அலுத்துக்கொள்வேனே, அந்தச் சுண்ணாம்புதான் சாற்றைப் பிடித்து உறையவைக்கிறது. மாடித் தண்ணீரில் அது இல்லை.

அதே வாரம் மாடியில் ஒரே ரகளை. செய்துபார்த்தோம், வரவில்லை என்று இரண்டு ஆய்வுக்கூடங்கள் எழுதிவிட்டன. டாக்டர் கிரூ என்னைக் கூப்பிட்டார். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"வெர்டெல், உள்ள வா. கதவச் சாத்து. எந்தத் தண்ணியில கழுவுன?"

"முற்றத்துக் குழாயில சார்."

"மருந்தையா?"

"வேற குழாயத் தொடக்கூடாதுன்னு நீங்கதான சார் பலகை மாட்டச் சொன்னீங்க."

"அப்ப நோட்டுல ஏன் எழுதல?"

"நாப்பத்தோராம் பக்கம் சார். 'முற்றத்துக் குழாய், மூன்று கிண்ணம்'. எழுதியிருக்கேன்."

புரட்டிப் பார்த்தார். "நீ ஏதோ உளறி வெச்சிருக்கன்னு நெனச்சு நாந்தான் திருத்திட்டேன்" என்றார்.

சுண்ணாம்பைச் சொன்னேன். புரிந்துகொண்டார், கெட்டிக்காரர்தான். உடனே திருத்தம் எழுதிவிடலாமே சார் என்றேன்.

"என்னன்னு எழுதுறது? முற்றத்துக் குழாய்ன்னா, மருந்துக்கு எதுக்கு முற்றத்துக்குப் போனீங்கன்னு கேப்பான். வடக்கு மாநிலத்துக்காரன் பத்திரிகை வேற, அவனுக்கு நம்ம ஊர்ப் பலகையெல்லாம் ஆகாது. பலகையப் படம் புடிச்சே போட்டுருவான்."

"திருத்தம் போடுறப்ப என் பேரையும் போடுங்க சார்."

ஐசோரா, ஐந்து வருடத்தில் இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"பாக்கலாம். ஜூன்ல மாநாடு வருது. அதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு."

அவர் "பாக்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் முடியாது என்று சொல்லவில்லை. இருமிக்கொண்டு கிடப்பவர்களை நினைத்தால் ஜூன் ரொம்ப தூரம். ஆனால் நான் காத்திருக்கப்போகிறேன். என் பேரோடு ஒரு வரி அச்சில் வந்தால், நம் கல்லூரிகள் எதிலாவது ஆய்வாளர் வேலைக்கு எழுதிப்போடலாம். உன்னையும் என்னோடு வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

உன் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். சும்மா இரு.

அம்மா


பால்டிமோர்
28 ஏப்ரல் 1951

மாண்புமிகு அம்மா அவர்களுக்கு,

உட்கார்ந்துகொள். தரை துடைத்திருந்தாலும் பரவாயில்லை, உட்கார்.

நார்த்மியர் கல்லூரிப் பேராசிரியர் ஆல்டன் ஜே. குவில் அவர்களை உனக்கு அறிமுகப்படுத்துகிறேன். வயது அறுபத்திரண்டு. வெள்ளைத் தாடி, மூட்டு வலி, பூனை ஒன்று. நார்த்மியர் கல்லூரி எங்கே இருக்கிறது? என் தலைக்குள். பேராசிரியர்? பக்கத்து அறையில் குடியிருக்கிறார்.

திட்டாதே, முழுதும் படி. மார்ச் மாதமே, உன் கடிதம் வந்த நாலாம் நாள், தேவாலய அலுவலகத் தட்டச்சு இயந்திரத்தில் அந்தப் பத்திரிகைக்கு அவர் ஒரு கடிதம் அடித்தார். விடுமுறை முகவரி என்று பெரியம்மா கடையைக் கொடுத்தார். போன வாரம் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து நன்றி தெரிவித்துக் கனமான கவர் வந்தது. தபால்காரர் மிஸ்டர் யான்சி கதவில் நின்றுகொண்டு சத்தமாகவே கேட்டார். "யாரும்மா லூவெனியா இந்தப் புரொஃபசர்? சுருட்டைத் தாடிய நேராக்கிக்கவா வந்திருக்காரு?"

"எங்கிட்ட ஆம்பளைங்களே வர்றதில்ல மிஸ்டர் யான்சி, உங்களத் தவிர" என்றாள் பெரியம்மா. அவர் முகம் போன போக்கில் கவரை மறந்துவிட்டார்கள். எடுத்துக்கொண்டேன்.

இன்று டீச்சர் புது இதழ் கொண்டுவந்தார். அச்சில் வந்துவிட்டது! இதோ:

"ஐயா, டாக்டர் கிரூவின் முறை பலருக்கும் பலிக்காததன் காரணம் நீரே. காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகச் சுண்ணாம்பு மிகுந்த கிணற்று நீரால் கழுவினால் ஒரே இரவில் படிகம் உண்டாகும். ஆ. ஜே. குவில், நார்த்மியர் கல்லூரி."

என்ன கம்பீரம் பார்த்தாயா?

ஒரே ஒரு விஷயம். நான் அடித்தபோது கடைசியில் இன்னொரு வரி இருந்தது. "இதைக் கண்டறிந்தவர் அந்த ஆய்வுக்கூடத்தின் திருமதி வெர்டெல் டாலிவர் என்று அறிகிறேன்" என்று. அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டார்கள். இடம் போதவில்லை போலிருக்கிறது. ஆனால் பாதிப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, அளந்து பார்த்தேன்.

போகட்டும். மருந்து இனி எல்லோருக்கும் உறையும் இல்லையா? ஜூன் வரை யாரும் இருமவேண்டாம். நீ சிரித்தாய் என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன்,
பேராசிரியரின் செயலாளர்


வர்ஜீனியா
20 மே 1951

ஐசோரா,

நான் சிரிக்கவில்லை.

மருந்து எல்லோருக்கும் உறைகிறது. அதைச் சொல்லிவிடுகிறேன், அது நல்ல விஷயம். நான்கு ஊர்களிலிருந்து தந்தி வந்துவிட்டது. மாடியில் அதற்குப் பேரும் வைத்துவிட்டார்கள். 'குவில் முறை'.

டாக்டர் கிரூ இப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் பயந்ததெல்லாம் பலகையைப் பற்றித்தான். உன் பேராசிரியர் வெறும் "கிணற்று நீர்" என்று எழுதி அவரைக் காப்பாற்றிவிட்டார். யார் கிணறு, எதற்காகக் கிணறு என்று இனி யாரும் கேட்கமாட்டார்கள். நான் மாடிக்குப் போனேன்.

"சார், இது நான் மார்ச் மாசமே உங்ககிட்ட சொன்னது."

"சொன்ன. இப்ப குவில் அச்சுலயே சொல்லிட்டாரு. இனிமே நீ சொன்னன்னு நான் எழுதுனா, ஒரு புரொஃபசர் கண்டுபிடிச்சத எங்க பாத்திரம் கழுவுறவ கண்டுபிடிச்சான்னு எழுதுன மாதிரி இருக்கும். சிரிப்பாங்க வெர்டெல். உன்னையும் சேத்துச் சிரிப்பாங்க."

"நாப்பத்தோராம் பக்கம் இருக்குல்ல சார்?"

"அந்த நோட்டு ஆய்வுக்கூடத்துச் சொத்து" என்று இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

என் பேரை அவர்கள் வெட்டினார்கள். அது எனக்குப் பழக்கம்தான். இரண்டு வாரமாக என்னைத் தூங்கவிடாதது வேறு. அது உன்னைப் பற்றியது. நீ என் மகள். நான் எப்படி வேலை செய்கிறேன் என்று என் கடிதங்களிலிருந்தே உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நீ, ஒரு உண்மையை உலகம் நம்பவேண்டும் என்று வந்தபோது, உட்கார்ந்து யோசித்து ஒரு ஆணை உண்டாக்கினாய். வெள்ளைத் தாடி வைத்தாய், கல்லூரி கட்டிக்கொடுத்தாய், பூனைகூடக் கொடுத்தாய். என் சொல்லை எடுத்து அவன் வாயில் வைத்தாய். நான் சொன்னால் எடுபடாது என்று டாக்டர் கிரூ நினைத்தார். நீயும் நினைத்தாய்.

சும்மா இரு என்று எழுதியிருந்தேன். ஜூனில் அவர் என் பேரைப் போட்டிருப்பாரா என்று இனி எனக்குத் தெரியவே போவதில்லை.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே. நானும் எழுதமாட்டேன்.

அம்மா


பால்டிமோர்
25 மே 1951

அன்புள்ள அம்மாவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்று மட்டும்.

நீ சொன்னது நிஜம். அன்று தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் ஒரு தாளில் ஐந்து பேர் எழுதிப்பார்த்தேன், எந்தப் பேரைப் பார்த்தால் கவரைத் திறப்பார்கள் என்று. ஐந்தும் ஆண்கள். ஐந்து பேரும் வெள்ளைக்காரர்கள். உன் பேரை எழுதிக்கூடப் பார்க்கவில்லை. நான் அவர்களை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை. ஒரு வாடிக்கைக்காரியின் தலையைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய் நின்றாள். பிறகு வந்து, "அவ ஒரே ஒரு தடவதாண்டி வாயத் தொறந்து கேட்டா" என்றாள். அவ்வளவுதான்.

இதோடு ஒரு கவர் இருக்கிறது. ஆசிரியருக்கு நான் எழுதியது. குவில் என்று யாரும் இல்லை, எழுதியது நான், என் வயது பதினைந்து, என் பள்ளி இது, சுண்ணாம்பைக் கண்டுபிடித்தது என் அம்மா என்று. கையால் எழுதி என் பேரைப் போட்டிருக்கிறேன். பள்ளியிலிருந்து என்னை நீக்கினாலும் நீக்குவார்கள் என்றார் மிஸ் ஹேசல்டைன். நீக்கட்டும்.

கவரை ஒட்டவில்லை. உன் விஷயத்தை உன்னைக் கேட்காமல் இனி எங்கேயும் அனுப்பமாட்டேன். பிடித்திருந்தால் ஒட்டி அனுப்பு. இல்லையென்றால் கிழித்துவிடு.

ஐசோரா


வர்ஜீனியா
15 ஜூலை 1951, ஞாயிறு

என் கண்ணு ஐசோராவுக்கு,

ஏழு வாரம் உன்னைக் காக்கவைத்துவிட்டேன். அதில் முதல் மூன்று வாரம் கோபம். மற்ற நாலு வாரம் தபாலுக்காகக் காத்திருந்தேன்.

உன் கவரை நான் அனுப்பவில்லை. கிழிக்கவும் இல்லை, என் பெட்டியில் இருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் அதைப் படித்து முடித்ததும் ஒன்று தோன்றியது. எனக்காக டாக்டர் கிரூ எழுதினார், பிறகு குவில் எழுதினார், இப்போது நீ. நான் மட்டும் இன்னும் எழுதவில்லை. ஜூன் மாநாட்டில் டாக்டர் கிரூ குவிலைப் புகழ்ந்து பேசிவிட்டு வந்த மறுநாள், நானே ஆசிரியருக்கு எழுதினேன். எந்தக் குழாய், ஏன் அந்தக் குழாய், எத்தனை கிண்ணம், பலகையில் என்ன எழுதியிருக்கிறது, எல்லாம் எழுதினேன். கீழே என் முழுப் பேர், பட்டம்.

பதில் வந்தது. மரியாதையான பதில்தான். "தாங்கள் கூறுவதைப் பேராசிரியர் குவில் அவர்கள் உறுதிசெய்து ஒரு வரி எழுதினால், தங்கள் பெயரை வெளியிடுவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை."

ஆர்டீலியாவிடம் காட்டினேன். "எழுதச் சொல்லு வெர்டெல்! உம் பொண்ணு கையிலதான இருக்காரு அந்தாளு. அரை மணி நேர வேலை" என்றாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. கண்ணு, எனக்கும் ஆசையாக இருந்தது. அந்த ஒரு வரிக்காக எத்தனை நாள் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். மூன்று நாள் அந்தக் கடிதத்தை ஏப்ரனிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். நீயும் எழுதியிருப்பாய், கேட்டிருந்தால். அதனால்தான் கேட்கவில்லை.

குவில் என்று யாரும் இல்லை, அவர் என் மகள், அவளுக்கு எப்படித் தெரியும் என்றால் நான் சொல்லித்தான் தெரியும் என்று பதில் எழுதினேன். சந்தேகம் இருந்தால் சுண்ணாம்பு மிகுந்த எந்தக் கிணற்றுத் தண்ணீரையாவது எடுத்து ஆசிரியரே கழுவிப் பார்க்கலாம் என்றும் எழுதினேன். உன் பள்ளியின் பேரை எழுதவில்லை.

அதற்குப் பதில் இல்லை. என் கடிதங்களின் நகலை மட்டும் டாக்டர் கிரூவுக்கு அனுப்பியிருக்கிறார்கள். வியாழக்கிழமை அவர் முதல்முறையாக நிலவறைக்கு இறங்கி வந்தார். சுற்றிப் பார்த்தார். இவ்வளவு சின்ன இடமா என்று நினைத்திருப்பார். "நாளையிலேருந்து நீ வரவேணாம் வெர்டெல்" என்றார்.

"திருமதி டாலிவர்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வந்துவிட்டது. அவர் படியேறிப் போனார். நோட்டுப் புத்தகத்தைத் தரவில்லை.

இந்த மாத இதழ் ஆர்டீலியா மூலமாகக் கிடைத்தது. வேறு இரண்டு கட்டுரைகளிலும் 'குவில் முறைப்படி' என்று இருக்கிறது. அந்த மனிதர் நம் இரண்டு பேரைவிடவும் நீண்ட காலம் இருப்பார் என்று நினைக்கிறேன்.

அடுத்து என்ன வேலை என்று தெரியவில்லை. பெரியம்மா கடையில் தலை கழுவ ஆள் வேண்டும் என்றாள், கொஞ்ச நாள் அதுவும் பார்க்கலாம். உன்மேல் கோபம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் உன்னைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் பஸ்ஸில் வருகிறேன். பெட்டி கனம், நிலையத்துக்கு வா. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கடை வரைக்கும் ஒன்றும் பேசாமல் நடக்கலாம்.

பிறகு நீ ஆரம்பி.

அம்மா